கணினியைத் துயிலச் செய்தலும் எழுப்புதலும்: பயோசில் வலு முகாமைத்துவ அமைப்புகள்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• பயோசின் பணிகளைக் கூறுவீர்கள்.
• கணினியின் வலு நிலைகளை வேறுபடுத்தி விளக்குவீர்கள்.
• பயோஸ் அமைப்புத் திரையில் வலு முகாமைத்துவத்துக்கும் எழுப்புதலுக்கும் உரிய தெரிவுகளைத் தேவைக்கேற்பத் தெரிவுசெய்வீர்கள்.
• மின் தடைப்படும்போது எத்தரவு எஞ்சும், எத்தரவு அழியும் என்பதைக் காரணத்துடன் கூறுவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, பின்வரும் நிகழ்வைக் கருதுங்கள். பாடசாலைக் கணினி அறையில் இரு மாணவிகள் தமது குழு ஒப்படையை ஒன்றரை மணித்தியாலமாகத் தட்டச்சுச் செய்கின்றனர். இடைவேளை மணி ஒலிக்கிறது. ஒருத்தி ஆவணத்தைச் சேமித்துவிட்டுக் கணினியைத் துயில்நிலையில் விடுகிறாள். மற்றவள் சேமிக்காமலே துயில்நிலையில் விட்டுச் செல்கிறாள். "திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்தானே" என்பது அவளது எண்ணம். இடைவேளையில் பத்து நிமிடம் மின் தடைப்படுகிறது. திரும்பி வந்தபோது முதலாமவளின் ஆவணம் இருந்தது. இரண்டாமவளின் ஆவணம் இல்லை.

2022 ஆம் ஆண்டில் இலங்கையில் நாளொன்றுக்குப் பல மணித்தியாலங்கள் மின்வெட்டு நிலவிய காலத்தில் இவ்வாறான இழப்புகள் பலருக்கும் ஏற்பட்டன. துயில்நிலை என்றால் என்ன, அந்நிலையில் கணினியின் எப்பகுதிக்கு மின் கிடைக்கிறது என்பதை அறிந்திருந்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம். பாடத்தின் இறுதியில் இம்மாணவிகளிடம் மீண்டும் வருவோம்.

2. பயோஸ் என்றால் என்ன?

கணினிக்கு வலு வழங்கப்பட்டதும் முதலில் இயங்கும் செய்நிரல் பயோஸ் ஆகும். இதன் பொருள் அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை என்பதாகும். இது தாய்ப்பலகையிலுள்ள நினைவகச் சில்லு ஒன்றில் பதிக்கப்பட்டிருக்கும். வன்பொருளில் நிலையாகப் பதிக்கப்பட்ட மென்பொருள் என்பதால் இது நிலைபொருள் எனப்படும். ஆரம்பத்தில் வாசிப்பு மாத்திர நினைவகத்தில் பதிக்கப்பட்டது. பின்னர் இற்றைப்படுத்தத்தக்க பளிச்சீட்டு நினைவகத்துக்கு மாறியது.

பயோசின் பிரதான பணிகள்:
(அ) வலு வழங்கப்பட்டதும் நினைவகம், சாவிப்பலகை, திரை முதலியவற்றைச் சோதித்தல். இது சுய சோதனை எனப்படும்.
(ஆ) வன்றட்டு முதலிய சாதனத்திலிருந்து பணிசெயல் முறைமையைத் தற்போக்கு அணுகல் நினைவகத்துக்கு ஏற்றத் தொடங்குதல்.
(இ) திகதி, நேரம், தொடக்கல் ஒழுங்கு, வலு முகாமைத்துவம் போன்ற அமைப்புகளைப் பயனர் மாற்ற வழிசெய்தல்.

இன்றைய கணினிகளில் பயோசுக்குப் பதிலாக யூ.ஈ.எஃப்.ஐ. எனும் புதிய நிலைபொருள் உள்ளது. எனினும் வழக்கில் அதனையும் பயோஸ் என்றே அழைப்பர். இப்பாடத்தில் வரும் தெரிவுகள் இரண்டுக்கும் பொதுவானவை.

கவனிக்க: பழைய கணினிகளில் பயனரின் அமைப்புகள் சீமொஸ் எனும் சிறிய நினைவகத்தில் இருந்தன. கணினிக்கு மின் இல்லாத வேளையிலும் 3 வோல்ற்று நாணய வடிவ மின்கலம் அதற்கு மின் வழங்கியது. இன்று பல தாய்ப்பலகைகளில் அமைப்புகள் பளிச்சீட்டு நினைவகத்திலேயே சேமிக்கப்படுகின்றன. ஆயினும் கணினியின் கடிகாரம் இன்றும் அம்மின்கலத்திலேயே ஓடுகிறது. அக்கடிகாரத்திலுள்ள பளிங்கு செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். இது 15 இரண்டுகளின் பெருக்கமாகும். எனவே அவ்வெண்ணைத் திரும்பத் திரும்ப இரண்டால் வகுத்து, செக்கனுக்கு ஒரு துடிப்பைச் சுற்று இலகுவாகப் பெறுகிறது.

3. நிறுத்திய கணினியும் முற்றாக நிற்பதில்லை

பழைய வகைக் கணினிகளில் முன்புற ஆளி மின்னை நேரடியாகத் துண்டித்தது. ஆளியை அழுத்தினால் எல்லாம் நின்றது. 1995 இல் இன்டெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். எனும் நியமத்தை வெளியிட்டது. இதன்பின் முன்புறப் பொத்தான் மின்னைத் துண்டிப்பதில்லை. தாய்ப்பலகைக்கு ஒரு சைகையை மட்டுமே அனுப்புகிறது.

ஏ.ரி.எக்ஸ். வலு வழங்கியிலிருந்து வரும் ஊதாநிற வடம் எப்பொழுதும் 5 வோல்ற்றைத் தாய்ப்பலகைக்கு வழங்கும். இது காத்திருப்பு மின் எனப்படும். சுவர் ஆளி இயங்கும் நிலையில் இருக்கும் வரை, கணினி நிறுத்தப்பட்டிருந்தாலும் இம்மின் கிடைக்கும். நிறுத்திய கணினியில் வலையமைப்புக் குதையின் சிறிய விளக்கு ஒளிர்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதற்குக் காரணம் இதுவே.

இப்பாடத்தில் நீங்கள் நினைவில் இருத்த வேண்டிய பிரதான விதி இதுவாகும்:

கணினியைத் தானாக எழுப்பும் எல்லா வழிகளுக்கும் காத்திருப்பு மின் அவசியம். சுவர் ஆளியை நிறுத்தினால் எந்த எழுப்பலும் நடைபெறாது.

4. வலு நிலைகள்

1996 டிசெம்பரில் இன்டெல், மைக்ரோசொஃப்ற், தொஷிபா ஆகிய நிறுவனங்கள் ஏ.சி.பி.ஐ. எனும் வலு முகாமைத்துவ நியமத்தை வெளியிட்டன. இதற்கு முன்னர் வலு முகாமைத்துவத்தைப் பெரும்பாலும் பயோசே கவனித்தது. ஏ.சி.பி.ஐ. அப்பொறுப்பைப் பணிசெயல் முறைமையிடம் ஒப்படைத்தது. எந்நிலைகள் கிடைக்கும் என்பதைப் பயோஸ் தெரிவிக்கும். எப்பொழுது அந்நிலைக்குச் செல்வது என்பதைப் பணிசெயல் முறைமை தீர்மானிக்கும்.

பிரதான நிலைகள் பின்வருமாறு:

எஸ்0 – இயங்கு நிலை. எல்லாப் பகுதிகளும் தொழிற்படும்.

எஸ்1 – இலேசான துயில். மத்திய செயற்பாட்டு அலகு அறிவுறுத்தல்களை நிறைவேற்றுவதை நிறுத்தும். ஆனால் அதற்கும் நினைவகத்துக்கும் மின் தொடர்ந்து கிடைக்கும். விரைவாக எழும், மின் சேமிப்புக் குறைவு.

எஸ்3 – துயில்நிலை. தற்போக்கு அணுகல் நினைவகத்துக்கும் எழுப்பும் சுற்றுகளுக்கும் மட்டுமே மின் கிடைக்கும். செயற்பாட்டு அலகு, வன்றட்டு, விசிறி யாவும் நிற்கும். சில செக்கன்களில் எழும்.

எஸ்4 – ஆழ்துயில் நிலை. நினைவகத்தின் உள்ளடக்கம் வன்றட்டில் எழுதப்பட்ட பின்னர் கணினி நிறுத்தப்படும். எழும்போது வன்றட்டிலிருந்து மீண்டும் நினைவகத்துக்கு ஏற்றப்படும். எஸ்3 ஐ விடத் தாமதமாக எழும்.

எஸ்5 – நிறுத்த நிலை. எதுவும் சேமித்து வைக்கப்படாது. காத்திருப்பு மின் மட்டும் கிடைக்கும்.

இங்கு நீங்கள் முன்னர் கற்ற ஒரு கருத்து கைகொடுக்கிறது. தற்போக்கு அணுகல் நினைவகம் அழிதகு நினைவகமாகும். மின் நின்றதும் அதிலுள்ள தரவு அழியும். வன்றட்டு அழிதகா நினைவகமாகும். ஆகவே,

எஸ்3 இல் மின் தடைப்பட்டால் சேமிக்கப்படாத வேலை அழியும்.
எஸ்4 இல் மின் தடைப்பட்டாலும் வேலை எஞ்சும்.

இரண்டின் நன்மைகளையும் இணைத்த கலப்புத் துயில் எனும் தெரிவு சில பணிசெயல் முறைமைகளில் உண்டு. இதில் உள்ளடக்கம் வன்றட்டிலும் எழுதப்படும். நினைவகத்துக்கும் மின் தொடர்ந்து கிடைக்கும். மின் இருந்தால் விரைவாக எழும்; மின் தடைப்பட்டால் வன்றட்டிலிருந்து மீளும்.

மடிகணினியில் மின்கலவடுக்கு இருப்பதால் எஸ்3 இல் உடனடி ஆபத்து இல்லை. ஆனால் மின்கலவடுக்கு முற்றாக இறங்கினால் விளைவு ஒன்றே. இன்றைய மடிகணினிகள் பலவற்றில் எஸ்3 இற்குப் பதிலாக எஸ்0 இன் குறைவலு வடிவம் ஒன்று பயன்படுகிறது. அதிலும் உள்ளடக்கம் நினைவகத்திலேயே இருக்கும்.

5. அமைப்புத் திரைக்குச் செல்லும் முறை

படி 1: ஆசிரியரின் அனுமதியைப் பெறுங்கள்.
படி 2: திறந்துள்ள கோப்புகளைச் சேமித்துக் கணினியை மீளத் தொடக்குங்கள்.
படி 3: திரையில் முதல் எழுத்துகள் தோன்றும்போது டிலீற் அல்லது எஃப்2 சாவியை அழுத்துங்கள். எச்சாவி என்பது தயாரிப்பாளருக்கேற்ப வேறுபடும். அது பெரும்பாலும் திரையின் கீழ்ப்பகுதியில் குறிப்பிடப்படும்.
படி 4: 'பவர் மனேஜ்மென்ற்' அல்லது 'பவர்' எனும் பகுதியைத் தெரிவுசெய்யுங்கள். புதிய கணினிகளில் இது 'அட்வான்ஸ்ட்' எனும் பகுதிக்குள் இருக்கலாம்.
படி 5: மாற்றுவதற்கு முன்னர் தற்போதுள்ள பெறுமானத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.
படி 6: ஒரு தடவையில் ஒரு தெரிவை மட்டும் மாற்றுங்கள். 'எனேபிள்ட்' என்றால் இயலச்செய்தல். 'டிசேபிள்ட்' என்றால் இயலாமற் செய்தல்.
படி 7: சேமித்து வெளியேறுங்கள். பெரும்பாலான கணினிகளில் இதற்குரிய சாவி எஃப்10 ஆகும். சேமிக்காது வெளியேற எஸ்கேப் சாவியைப் பயன்படுத்தலாம்.

படி 5, படி 6 ஆகியவற்றைப் பலர் தவிர்ப்பர். பல தெரிவுகளை ஒரேயடியாக மாற்றினால் கோளாறு ஏற்படும்போது எதனால் ஏற்பட்டது என அறிய முடியாது. குழப்பமடைந்தால் இயல்புநிலைப் பெறுமானங்களை மீள ஏற்றும் தெரிவு அத்திரையிலேயே உண்டு.

6. பிரதான தெரிவுகள்

6.1 துயில் வகை
'ஏ.சி.பி.ஐ. சஸ்பென்ட் ரைப்' எனும் தெரிவில் எஸ்1 அல்லது எஸ்3 ஐத் தெரிவுசெய்யலாம். துயிலின்போதும் விசிறி ஓடிக்கொண்டிருந்தால் எஸ்1 தெரிவுசெய்யப்பட்டிருக்கலாம். மின்னைச் சேமிப்பதற்கு எஸ்3 பொருத்தமானது. புதிய கணினிகள் பலவற்றில் இத்தெரிவு காணப்படாது. எஸ்3 நேரடியாகவே பயன்படும்.

6.2 வலுப் பொத்தானின் தொழில்
'இன்ஸ்ரன்ற் ஓஃப்' எனில் பொத்தானை அழுத்தியவுடன் கணினி நிற்கும். 'டிலே 4 செக்' எனில் 4 செக்கன் தொடர்ந்து அழுத்தினாலே நிற்கும். பலர் பயன்படுத்தும் கணினிக்கு இரண்டாவதே பாதுகாப்பானது. பணிசெயல் முறைமை இயங்கும்போது சிறு அழுத்தத்துக்கு என்ன செய்வது என்பதை அதுவே தீர்மானிக்கும். 4 செக்கன் அழுத்தி நிறுத்துவது கணினி செயலற்று உறைந்தபோது மட்டும் கைக்கொள்ள வேண்டிய இறுதி வழியாகும்.

6.3 குறித்த நேரத்தில் எழுப்புதல்
'ரிசியூம் பை அலாம்' எனும் தெரிவை இயலச்செய்து திகதியையும் நேரத்தையும் வழங்க வேண்டும். பல கணினிகளில் திகதிக்கு 0 என வழங்கினால் அது ஒவ்வொரு நாளையும் குறிக்கும். நேரம் 24 மணித்தியால முறையில் எழுதப்படும். காலை 7.15 எனில் 07:15:00 ஆகும், பிற்பகல் 2.30 எனில் 14:30:00 ஆகும்.

இதில் இரு தவறுகள் பொதுவானவை. முதலாவது, ஒவ்வொரு நாளும் என அமைத்தால் சனி, ஞாயிறு தினங்களிலும் கணினி எழும். அறையில் எவரும் இல்லாததால் நாள் முழுவதும் வீணே இயங்கும். இதனைத் தவிர்க்க, 20 நிமிடம் பயன்படுத்தாவிடின் தானாகத் துயிலுமாறு பணிசெயல் முறைமையில் அமைக்க வேண்டும். இரண்டாவது, நாணய வடிவ மின்கலம் பலவீனமடைந்தால் கடிகாரம் பிழையான நேரத்தைக் காட்டும். கணினியும் பிழையான நேரத்தில் எழும்.

6.4 சாவிப்பலகை, சுட்டி மூலம் எழுப்புதல்
சாவியை அழுத்துவதால் அல்லது சுட்டியை அசைப்பதால் துயில் கலையுமாறு அமைக்கலாம். துயிலும் கணினி காரணமின்றி எழுந்தால் முதலில் சுட்டியைச் சந்தேகியுங்கள். மேசை அசைந்தாலே சுட்டியும் சற்று அசையும். சுட்டிக்குரிய தெரிவை இயலாமற் செய்து சாவிப்பலகைக்குரியதை மட்டும் வைத்திருத்தல் சிறந்தது.

6.5 மின் மீண்டதும் செய்யவேண்டியது
'ரிஸ்ரோர் ஒன் ஏ.சி. பவர் லொஸ்' என்பது போன்ற பெயரில் இத்தெரிவு காணப்படும். இதில் மூன்று பெறுமானங்கள் உள்ளன.
• ஓஃப் – மின் மீண்டாலும் கணினி நிறுத்தநிலையில் இருக்கும்.
• ஒன் – மின் மீண்டதும் கணினி தானாகத் தொடங்கும்.
• லாஸ்ற் ஸ்ரேற் – மின் தடைப்படுவதற்கு முன்னிருந்த நிலைக்கு மீளும்.

எவரும் அருகில் இல்லாத வேளையிலும் சேவை வழங்க வேண்டிய சேவையகத்துக்கு ஒன் பொருத்தமானது. கணினி அறைக்கு ஓஃப் பொருத்தமானது. காரணம் யாது? இரவில் மின் தடைப்பட்டு மீண்டால், ஒன் என அமைத்த 20 கணினிகளும் ஆளில்லா அறையில் ஒருசேரத் தொடங்கும். மின் மீளும் வேளையில் வோல்ற்றளவு தளம்பலாம். உடனடியாக மீண்டும் தடைப்பட்டால், தொடங்கும் நிலையிலுள்ள வன்றட்டின் கோப்புகள் பழுதடையவும் கூடும்.

6.6 குறைவலு நிறுத்தம்
ஐரோப்பிய ஒன்றியம் 2008 இல் ஆக்கிய ஒழுங்குவிதி, நிறுத்தநிலையிலுள்ள சாதனம் பெறும் வலுவுக்கு எல்லை விதித்தது. அது 2010 இலிருந்து 1 உவாற்று; 2013 இலிருந்து 0.5 உவாற்று. இதற்கு அமைய பயோசில் 'ஈ.ஆர்.பி.' எனும் தெரிவு சேர்க்கப்பட்டது. இதனை இயலச்செய்தால் எஸ்5 நிலையில் எழுப்பும் சுற்றுகளுக்கும் மின் நிறுத்தப்படும். எனவே வலையமைப்பு, சாவிப்பலகை முதலியவற்றின் மூலம் கணினியை எழுப்ப முடியாமற் போகும்; வலுப் பொத்தான் மட்டும் தொழிற்படும். எழுப்புதல் தொழிற்படவில்லை எனில் இத்தெரிவைப் பரிசோதிக்க மறவாதீர்கள்.

7. வலையமைப்பினூடாக எழுப்புதல்

'வேக் ஒன் லான்' எனும் தெரிவு, இடத்துரி வலையமைப்பிலுள்ள வேறொரு கணினியிலிருந்து துயிலும் கணினியை எழுப்ப உதவும். ஆசிரியர் தமது கணினியிலிருந்து அறையின் எல்லாக் கணினிகளையும் ஒரேதடவையில் தொடக்க இதனைப் பயன்படுத்தலாம்.

துயிலும் கணினியின் வலையமைப்பு இடைமுக அட்டை காத்திருப்பு மின்னில் விழித்திருக்கும். அது 'மாயப் பொதி' எனும் சிறப்புத் தரவுப் பொதியை எதிர்பார்த்திருக்கும். இப்பொதியின் அமைப்பு உங்கள் எண் முறைமைப் பாடத்துடன் தொடர்புடையது.

• முதலில் 6 பைற்றுகள். ஒவ்வொன்றும் பதினறும முறையில் எஃப்எஃப் ஆகும். துவித முறையில் இது 11111111. தசம முறையில் 255.
• அடுத்து அக்கணினியின் மாக் முகவரி 16 தடவை. மாக் முகவரி 48 பிற்றுகளைக் கொண்டது.

மாக் முகவரி = 48 ÷ 8 = 6 பைற்றுகள்
16 தடவை = 16 × 6 = 96 பைற்றுகள்
மொத்தம் = 6 + 96 = 102 பைற்றுகள்

ஒவ்வொரு இடைமுக அட்டைக்கும் தனியான மாக் முகவரி உண்டு. ஆகவே பொதி எல்லாக் கணினிகளையும் அடைந்தாலும், முகவரி பொருந்தும் கணினி மட்டுமே எழும். துயிலும் கணினியில் பணிசெயல் முறைமை இயங்காததால் ஐ.பி. முகவரியைக் கொண்டு அதனைத் தேட முடியாது. மாக் முகவரி பயன்படுவதற்குக் காரணம் இதுவே.

இது தொழிற்பட வேண்டுமாயின் பயோசில் தெரிவை இயலச்செய்தல் மட்டும் போதாது. பணிசெயல் முறைமையிலும் அட்டைக்குரிய அமைப்பை இயலச்செய்ய வேண்டும். விண்டோஸ் 8 இலிருந்து வந்துள்ள விரைவுத் தொடக்க வசதி இயங்கும்போது, நிறுத்திய கணினி மாயப் பொதிக்கு எழாதிருக்கலாம். அவ்வசதியை நிறுத்திப் பரிசோதித்தல் வேண்டும்.

8. எவ்வளவு மின் மீதமாகும்?

கணினி அறையொன்றில் 20 கணினிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒரு கணினி இயங்கும்போது 60 உவாற்று, எஸ்3 இல் 3 உவாற்று வலுவைப் பெறும் எனவும் கொள்வோம். பிற்பகல் 2.00 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 மணி வரை 17.5 மணித்தியாலங்களாகும்.

இயங்கவிட்டால்: 20 × 60 × 17.5 = 21,000 உவாற்று மணித்தியாலம் = 21 அலகுகள்
துயிலவிட்டால்: 20 × 3 × 17.5 = 1,050 உவாற்று மணித்தியாலம் = 1.05 அலகுகள்
ஓர் இரவில் மீதம்: 21 – 1.05 = 19.95 அலகுகள்

மாதத்தில் 20 பாடசாலை நாட்கள் எனில் 399 அலகுகள் மீதமாகும். மின் பட்டியலில் ஓர் அலகு என்பது 1000 உவாற்று மணித்தியாலம் என்பதை நினைவிற் கொள்க.

9. மீண்டும் அம்மாணவிகளிடம்

இருவரது கணினிகளும் எஸ்3 நிலையிலேயே இருந்தன. மின் தடைப்பட்டதும் இரண்டினதும் தற்போக்கு அணுகல் நினைவகம் வெறுமையாகியது. முதலாமவளின் ஆவணம் வன்றட்டில் இருந்தமையால் எஞ்சியது. பயோசில் எத்தெரிவை மாற்றியிருந்தாலும் இரண்டாமவளின் ஆவணத்தை மீட்டிருக்க முடியாது. சேமித்தல், ஆழ்துயில் அல்லது கலப்புத் துயில், தடங்கலில்லா வலு வழங்கி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றே அதனைக் காத்திருக்கும். இம்மூன்றில் செலவற்றதும் மிக எளிதானதும் சேமித்தலாகும். எழுந்து செல்லும் முன்னர் கொன்ரோல் சாவியுடன் எஸ் சாவியை அழுத்துவதைப் பழக்கமாக்குங்கள்.

10. பயிற்சி வினாக்கள்

பகுதி அ – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவுசெய்க.

1. எஸ்3 நிலையில் திறந்துள்ள ஆவணத்தின் சேமிக்கப்படாத பகுதி இருப்பது,
(1) வன்றட்டில் (2) தற்போக்கு அணுகல் நினைவகத்தில் (3) சீமொசில் (4) வாசிப்பு மாத்திர நினைவகத்தில்

2. ஒரு கணினி காலை 7.15 இற்கு எழுமாறு அமைக்கப்பட்டுள்ளது. இரவில் சுவர் ஆளி நிறுத்தப்பட்டது. நாணய வடிவ மின்கலம் நல்ல நிலையில் உள்ளது. காலை 7.15 இற்கு,
(1) கணினி எழும் (2) எழுந்து உடனே நிற்கும் (3) எழாது, ஆனால் கடிகாரம் சரியாக ஓடும் (4) எழாது, கடிகாரமும் நிற்கும்

3. மாயப் பொதியில் மாக் முகவரிகளுக்கு மட்டும் செலவாகும் பைற்றுகள்,
(1) 6 (2) 48 (3) 96 (4) 102

4. குறைவலு நிறுத்தத் தெரிவை இயலச்செய்து நிறுத்திய கணினியைத் தொடக்கத்தக்கது,
(1) மாயப் பொதி (2) சுட்டி (3) சாவிப்பலகை (4) வலுப் பொத்தான்

பகுதி ஆ – அமைப்புக் கட்டுரை வினா

ஒரு நூலகத்தில் 1 சேவையகமும் வாசகர்களுக்கான 8 கணினிகளும் உள்ளன. அப்பிரதேசத்தில் அடிக்கடி மின் தடைப்படும்.
(i) மின் மீண்டதும் செய்யவேண்டியது எனும் தெரிவுக்குச் சேவையகத்திலும் வாசகர் கணினிகளிலும் எப்பெறுமானங்களை வழங்குவீர்? காரணம் தருக.
(ii) வாசகர் கணினிகளுக்கு எஸ்3, எஸ்4 ஆகியவற்றுள் எது பொருத்தமானது? காரணம் தருக.
(iii) வலையமைப்பினூடாக எழுப்ப முயன்றபோது ஒரு கணினி எழவில்லை. பரிசோதிக்க வேண்டிய மூன்று விடயங்களை எழுதுக.

விடைகள்

பகுதி அ: 1 – (2), 2 – (3), 3 – (3), 4 – (4)

பகுதி ஆ:
(i) சேவையகத்துக்கு ஒன். ஆளில்லாத வேளையிலும் சேவை தொடர வேண்டும். வாசகர் கணினிகளுக்கு ஓஃப். மின் மீண்டதும் யாவும் ஒருசேரத் தொடங்குவதையும் வீண் மின் செலவையும் தவிர்க்கலாம்.
(ii) எஸ்4, உள்ளடக்கம் அழிதகா நினைவகமான வன்றட்டில் இருப்பதால் மின் தடைப்பட்டாலும் அழியாது.
(iii) சுவர் ஆளி இயங்கும் நிலையில் உள்ளதா, வலையமைப்பு வடம் பொருத்தப்பட்டுள்ளதா, பயோசில் வலையமைப்பு எழுப்பல் இயலச்செய்யப்பட்டுள்ளதா, குறைவலு நிறுத்தம் இயலாமற் செய்யப்பட்டுள்ளதா, வழங்கிய மாக் முகவரி சரியானதா என்பவற்றுள் ஏதேனும் மூன்று.

பரீட்சைக் குறிப்பு: "காரணம் தருக" எனக் கேட்கப்பட்டால் தெரிவின் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எப்பகுதிக்கு மின் கிடைக்கிறது, தரவு எந்நினைவகத்தில் உள்ளது என்ற இரண்டையும் ஒரு வாக்கியத்தில் எழுதினால் காரணம் முழுமையாகும்.